பங்குக் கிணறு

யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதி ஒன்றை விரித்துப் படித்தவர்கள், நான்கு எல்லைகளும் சொல்லி முடிந்தபின், சட்ட நடைக்கே உரிய வறட்சியோடு வரும் ஒரு வாசகத்தைக் கவனித்திருப்பார்கள். இன்ன பெயருடைய காணியில் இத்தனை பரப்பும், அதில் நிற்கும் பனை வடலி முதலான பயன்மரங்களும் என்று தொடங்கி, அயற்காணியிலுள்ள கிணற்றில் எட்டில் ஒரு பங்கும், அந்தக் கிணற்றுக்குப் போகும் வழியிலும் அதிலிருந்து நீர் வரும் வாய்க்காலிலும் உள்ள பாத்தியமும் என்று அது முடியும். தகப்பனின் கிணற்றை இரண்டு பிள்ளைகள் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ள, அந்தப் பாதியில் ஒரு கூறு மகளுக்குச் சீதனமாகப் போக, அதிலும் பாதியை அவள் பிள்ளைகள் விற்க, மூன்று தலைமுறைக்குள் பதினாறில் ஒன்று, முப்பத்திரண்டில் ஒன்று என்று பின்னங்கள் நுணுகிக்கொண்டே போகும். நிலத்தைக் கயிறு போட்டுப் பிரிக்கலாம். பனையை எண்ணிப் பிரிக்கலாம். கிணற்றை எப்படிப் பிரிப்பது? அதை அந்த மக்கள் காலத்தால் பிரித்தார்கள். இன்னாருக்குத் திங்கட்கிழமை காலை, இன்னாருக்கு அன்று பிற்பகல், அடுத்தவருக்குச் செவ்வாய் என்று வந்த அந்த ஒழுங்குக்கு 'முறை' என்று பெயர். "இண்டைக்கு எங்கட முறை" என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு சொல்லுக்குள் தாய்வழி தந்தைவழி முதுசம் அவ்வளவும் அடங்கிக் கிடக்கும்.

இந்த ஏற்பாட்டை வெறும் சொத்து விவகாரமாகக் கருதி வழக்கறிஞர்களுக்கு விட்டுவிடுவது வழக்கம். விஞ்ஞானம் எழுத வந்தவன் இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்பதைப் பாறையியலாளர்கள் கருவி கொண்டு அளந்து சொல்வதற்கு மிக முன்பே, அதை அளவோடு எடுத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு வழியை அங்குள்ளவர்கள் கண்டிருந்தார்கள். அளந்து சொன்னபின்னரோ, அந்த வழி கைநழுவிப் போயிற்று.

ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. தெல்லிப்பழைப் பக்கத்தில் தோன்றி, வலிகாமத்து வயல்களினூடே வந்து, அராலியில் கடலேரியோடு கலக்கும் அது, மாரியில் மட்டும் ஆறாக இருந்து, கோடையில் மாடு மேய்கிற தரவையாகிவிடும். மலை இல்லை, காடு என்று சொல்லத்தக்கது இல்லை, எந்தக் கிராமத்திலிருந்து புறப்பட்டாலும் சில மைல் தூரத்தில் உப்புக் கடலோ உவர்க் கடலேரியோ எதிர்ப்படும். ஆயினும் வானம் இந்தப் பிரதேசத்தை வஞ்சித்துவிட்டது என்று சொல்வது பொருந்தாது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரையில் வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவரும் மாரியோடு, இடைப்பட்ட சில்லறை மழைகளையும் சேர்த்தால், ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீட்டர் மழை விழுகிறது. ஏக்கரில் பதினாறில் ஒன்றாகிய ஒரு பரப்பு நிலத்தின் மேல் மட்டும் ஆண்டுக்கு மூன்று லட்சம் லீற்றருக்கு மேற்பட்ட நீர் வானத்திலிருந்து இறங்குகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தால், கோடையில் ஒரு குடம் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் தீவுப்பகுதி மக்களுக்கு அது கேலியாகத் தோன்றக்கூடும். மழை நீர் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

விடை காலடியில் இருக்கிறது. குடாநாடு முழுவதும், மயோசீன் என்று புவியியலார் குறிப்பிடும் யுகத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லின் மேல் அமர்ந்திருக்கிறது. மழை நீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு சிறிது அமிலத் தன்மை பெற்று இறங்கும்போது, இந்தக் கல் அதற்கு இளகிக்கொடுக்கிறது. மயிரிழை போன்ற வெடிப்பு விரலளவாகி, விரலளவானது குழாயாகி, குழாய் குகையாகிறது. வலிகாமத்தின் செம்பாட்டு மண்ணில் பெருமழை பெய்து ஓய்ந்த ஒரு மணி நேரத்தில் நிலம் ஈரம் காட்டாமல் நிற்பதைக் கண்டவர்கள், தண்ணீர் ஓடிப் போகவில்லை, உள்ளே போயிற்று என்பதை அறிவார்கள். குகையின் கூரை எங்காவது இடிந்து விழுந்தால் அங்கே ஒரு திறந்த நீர்நிலை தோன்றும். புத்தூருக்கு அருகேயுள்ள நிலாவரை அப்படிப்பட்டதே. இராமபிரான் தாகம் தீர அம்பெய்து உண்டாக்கியதாக ஐதிகம். அதில் போட்ட எலுமிச்சம்பழம் வடகரையிலுள்ள கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும் என்று சிறுவர்களுக்குச் சொல்வதும் உண்டு. எலுமிச்சம்பழத்துக்கு யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாவிட்டாலும், பாறைக்குள்ளே நீர் வழிகள் இருக்கின்றன என்ற அந்தக் கதையின் சாரத்தைப் புவியியல் மறுக்கவில்லை. கீரிமலையில் கடலலை வந்து மோதும் இடத்துக்கு ஓரிரு பாகத் தூரத்தில் நிலத்தடி நீர் ஊற்றெடுத்துக் கேணியை நிரப்பிக் கடலுக்குப் போய்க்கொண்டிருப்பதை, அங்கே நீராடிய எவரும் நாவினாலேயே சோதித்திருப்பர்.

நிலாவரையின் ஆழம் ஏறக்குறைய 150 அடி. படிகளில் இறங்கி மேல்நீரை அள்ளிக் குடித்தால் நல்ல தண்ணீர். கயிற்றில் கட்டிய போத்தலை ஆழத்துக்கு இறக்கி எடுத்தால் உவர். ஒரே கிணற்றில் இரண்டு தண்ணீர் இருப்பதை மாயம் என்று கருதினவர்கள் உண்டு. உண்மையில், குடாநாடு முழுவதிலும் மறைந்து கிடக்கும் நிலைமை அங்கே ஒரு சன்னல் வழியாகத் தெரிகிறது, அவ்வளவே.

கடல்நீர் நன்னீரைவிடச் சிறிது கனமானது. நாற்பத்தோரடி உயரமுள்ள நன்னீர்த் தூணும் நாற்பதடி உயரமுள்ள கடல்நீர்த் தூணும் தராசில் சமமாக நிற்கும். ஆகையால், நுண்துளையும் வெடிப்புமுள்ள பாறை ஒன்றைச் சுற்றிலும் கடல் சூழ்ந்திருக்க, மேலிருந்து மழை நீர் இறங்குமானால், அந்த நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், அதைத் தாங்குவதற்குக் கீழே நாற்பதடி நன்னீர் இருக்கவேண்டும். நடுவில் தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும் மூக்குக்கண்ணாடியின் வில்லைபோல் இருப்பதால் இதை நன்னீர் வில்லை என்பார்கள். இந்த விதியை 1889ஆம் ஆண்டளவில் ஒல்லாந்துப் படைப்பிரிவின் பொறியியலாளராகிய பாடோன் கைபென் தம் நாட்டுக் கரையோரத்தை ஆராய்ந்து எழுதினார். 1901இல் ஜெர்மனியரான ஹெர்ட்ஸ்பெர்க் வடகடல் தீவுகளில் கிணறு தோண்டிய அநுபவத்திலிருந்து தனியாக அதே முடிவுக்கு வந்தார். ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரையில் யாழ்ப்பாணத்தை ஆண்டு, அங்குள்ள கிணற்று நீரையே குடித்துப் போனவர்கள் என்பது நினைவுக்கு வருகிறது. அந்த விதியை அவர்கள் இங்கேயே கண்டிருக்கலாம் என்று சொல்லத் தோன்றினாலும், வரி வசூலிக்க வந்தவர்களுக்கு அதற்கு அவகாசம் இருந்திருக்காது.

விதியின் கொடிய பக்கம் இனித்தான் வருகிறது. மேலே ஓரடி நீர் கூடினால் கீழே நாற்பதடி நீர் சேருகிறது என்பது உண்மையானால், மேலே ஓரடி குறைந்து அந்நிலை நீடித்தால் கீழிருந்து உப்பு நாற்பதடி மேலேறி வரும் என்பதும் உண்மை. வங்கியில் ஒரு ரூபாய் எடுத்தவனுடைய கணக்கில் நாற்பது ரூபாய் கழிக்கப்படுவது போன்ற இந்த வியாபாரத்தில், ஓரிடத்தில் வேகமாக இறைக்கும்போது அந்தக் கிணற்றின் நேர் கீழே உப்புநீர் கூம்புபோல் எழும்பிவரும் ஆபத்தும் சேருகிறது. கிணற்றில் நீர் வற்றினால் இன்னும் ஆழமாகத் தோண்டு என்று உலகத்தின் பிற பாகங்களில் சொல்லும் புத்தி இங்கே விஷமாகிறது. வாய் அகன்று ஆழம் குறைந்து, வில்லையின் மேற்பகுதியை மாத்திரம் ஏடு எடுப்பதுபோல் எடுக்கும் பழைய வெட்டுக் கிணறே இந்த நிலத்துக்கு ஏற்றது. குழாய்க் கிணற்றை ஆழ இறக்கியவர்கள் பலருக்கு உப்பே கிடைத்தது.

இந்த வில்லையும் ஒன்றல்ல. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை என நான்கு பெரும் நீர்த்தேக்கங்களாகக் குடாநாட்டின் அடிநீரை ஆராய்ச்சியாளர் பிரித்துக் காட்டுகிறார்கள். இவற்றுள் பெரியதும் வளமிக்கதும் சுன்னாகத்தை நடுவாகக் கொண்ட வலிகாமத் தேக்கம். குடாநாட்டில் உள்ள ஏறக்குறைய ஒரு லட்சம் கிணறுகள் இந்தத் தேக்கங்களின் மேல் திறந்த வாய்கள். வாய் ஒரு லட்சமானாலும் வயிறு நான்குதான்.

இனித் துலாவைப் பார்ப்போம். கிணற்றருகே நட்ட இரண்டு ஆடுகால்களின் இடையே குறுக்காக ஊசலாடும் நீண்ட மரமே துலா. அதன் நுனியிலிருந்து தொங்கும் கொடியின் முனையில் பட்டை கட்டியிருக்கும். விடியற்புறம் இருளிலேயே வேலை தொடங்கும். ஒருவர், சில சமயம் இருவர், துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னுமாக நடப்பார்கள். நுனிப்பக்கம் நடக்கையில் பட்டை தாழ்ந்து நீரில் முழுகும், அடிப்பக்கம் திரும்புகையில் அது நிறைந்து மேலே வரும். கிணற்று மிதியில் நிற்பவர் அதை எட்டிப் பிடித்துத் தொட்டியில் கவிழ்ப்பார். வாய்க்காலின் மறுகோடியில் மண்வெட்டியோடு நிற்பவர், ஒரு பாத்தி நிறைந்ததும் மடையை அடைத்து அடுத்ததைத் திறந்து தண்ணீர் மாறுவார். மூன்று பேர் ஒரே தாளத்தில் இயங்க, காலடி தவறினால் கிணற்றில் விழ நேரும் அந்த உழைப்பில், வெயில் ஏறுமுன் எத்தனை பாத்தி நனையுமோ அத்தனைதான் அன்றைய பயிர். மனிதன் களைத்து இறங்கும்போது கிணறும் ஏறக்குறைய களைத்திருக்கும். அடுத்த முறைக்காரர் வருவதற்குள் அது மறுபடி ஊறிக்கொள்ளும். பங்குக் கிணற்றின் கணிதம் இந்தக் களைப்பின் மேல் கட்டப்பட்டது. எட்டில் ஒரு பங்கு என்று உறுதி சொன்னதே தவிர, எத்தனை பட்டை என்று சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மண்ணெண்ணெயால் ஓடும் இறைப்பு இயந்திரம் வந்தது. மூன்று பேர் விடியலிலிருந்து செய்த வேலையை ஒரு சிறுவன் கயிற்றைச் சுற்றி இழுத்துத் தொடக்கிவிட்டுப் பள்ளிக்கூடம் போகலாம் என்ற நிலை ஏற்பட்டபோது, அதை யார் வேண்டாம் என்பார்? துலா மிதித்த தோளும் காலும் அறிந்தவர்களை இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முறை அப்படியே இருந்தது. பின்னங்களும் அப்படியே இருந்தன. ஆனால் அரை நாள் என்ற அளவுக்குள் அடங்கிய தண்ணீர் மட்டும் பன்மடங்காகிவிட்டது. பிறகு 1970 முதல் 1977 வரையில் இருந்த அரசாங்கம் வெங்காயம், மிளகாய் ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, வலிகாமத்துச் செம்பாட்டு நிலம் பொன் விளையும் நிலமாயிற்று. ஒரு பயிர் எடுத்த காணியில் இரண்டும் மூன்றும் எடுத்தார்கள். தொண்ணூறுகளில் போரும் பொருளாதாரத் தடையும் சேர்ந்து மண்ணெண்ணெயை மருந்துபோல் அரிதாக்கியபோது பல இயந்திரங்கள் ஓய்ந்தன. பாதை திறந்ததும் அவை திரும்ப ஓடின, மின்சாரம் வந்த இடங்களில் பொத்தானை அமுக்கினால் போதும் என்றாயிற்று.

இறைத்த நீர் வெறுமனே போகவில்லை. பாத்தியில் இட்ட யூரியாவைக் கரைத்துக்கொண்டு, மழையை விழுங்கிய அதே வெடிப்புகளின் வழியே, புறப்பட்ட கிணற்றுக்கே அது திரும்பி வந்தது. வடிகட்டுவதற்குத் தடித்த மணல் இல்லாத சுண்ணாம்புக்கல், நல்லதையும் கெட்டதையும் பேதம் பார்ப்பதில்லை. குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தாண்டினால் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து உடல் நீலம் பூக்கும். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் இந்த எல்லை மீறப்பட்டிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டிவருகின்றன. நகரத்தில் உரத்தின் இடத்தை மலசலகூடக் குழி எடுத்துக்கொண்டது: இரண்டு பரப்புக் காணியில் வீடும் கிணறும் குழியும் அமைந்து, பக்கத்து வீட்டுக் குழி நம் கிணற்றுக்கு நாம் அளந்து விட்ட தூரத்தைவிட அருகில் வந்துவிடுகிறது.

இந்த இடத்தில் சட்டத்தை விசாரிக்கவேண்டும். ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸ் இட்ட கட்டளைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ், பன்னிரண்டு முதலிமாரின் பார்வைக்கு விட்டு 1707இல் தொகுத்து முடித்த தேசவழமை, 1806இல் ஆங்கிலேயரால் சட்டமாக ஏற்கப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ளது. காணி விற்பவர் பங்காளிக்கும் உரித்தாளருக்கும் முதலில் அறிவிக்கவேண்டும் என்ற அதன் முன்விலை உரிமை, பங்குக் கிணற்றுக்கு அந்நியர் எளிதில் புகாதபடி காத்துவந்தது. அதில் எல்லாம் மனிதர்க்கிடையே உள்ள பந்தம். பாறைக்குள்ளே உள்ள பந்தம் அதற்குத் தெரியாது. இங்கிலாந்தில் 1843இல் தீர்ந்த அக்டன் - பிளண்டல் வழக்கோ இன்னும் கடுமையானது: அயலவன் நிலக்கரிச் சுரங்கம் தோண்டியதால் தன் ஆலைக் கிணறு வற்றிப்போனவன் நியாயம் கேட்டபோது, தன் நிலத்தின் கீழுள்ள நீரை எடுப்பவன் யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை என்று நீதிமன்றம் கூறிவிட்டது. அடிநீரின் போக்கு மறைவானது என்ற அறியாமையே அந்தத் தீர்ப்பின் ஆதாரம். அறியாமை நீங்கிய பின்னும் தீர்ப்பின் மனோபாவம் நீங்கவில்லை. தன் காணியில் தான் இறைக்க யாரைக் கேட்கவேண்டும் என்ற எண்ணமே இன்றும் ஊர் வழக்காக இருக்கிறது. இலங்கையில் 1964இல் நீர்வளச் சபை சட்டப்படி அமைக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டளவில் நீர் உரித்துகளை அனுமதிப்பத்திரத்தால் வரையறுக்க முயன்ற தேசிய நீர்க்கொள்கையோ, தண்ணீருக்கு விலை வைக்கப் பார்க்கிறார்கள் என்ற எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. அந்த அச்சம் நியாயமற்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் அனுமதி கேட்கவேண்டாத தண்ணீர், இரண்டு பக்கத்து வீட்டாருக்கும் விலை வைக்காமலே தீர்ந்துபோகிறது.

ஒரு தீர்ப்பு மட்டும் வேறு திசையில் விழுந்தது. சுன்னாகத்தில் மின்நிலையம் இருந்த சுற்றுப்புறத்துக் கிணறுகளில் எண்ணெய்ப் படலம் மிதப்பதை மக்கள் கண்டு முறையிட்டபின், 2015இல் தொடுக்கப்பட்ட அடிப்படை உரிமை மனுவை விசாரித்த உயர் நீதிமன்றம், 2019 ஏப்ரலில், அங்கே மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் நிலத்தடி நீரை மாசுபடுத்தியதற்குப் பொறுப்பென்று கண்டு, 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி உத்தரவிட்டது. பாதிக்கப்பட்ட ஏறக்குறைய 500 கிணற்றுக்காரர்களுக்குத் தலைக்கு அதிகபட்சம் 40,000 ரூபா. தொகை சிறிது, நியாயம் பெரிது. நிலத்தடி நீர் பொதுமக்களின் சார்பில் அரசு நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கும் சம்பத்து என்ற கொள்கை, யாழ்ப்பாணத்துக் கிணற்றைக் குறித்தே அங்கே பேசப்பட்டது. எண்ணெய் ஊற்றியவனைப் பிடித்த அந்தக் கொள்கை, அளவுக்கு மீறி இறைப்பவனையும் உரம் கொட்டுபவனையும், அதாவது நம்மையும், என்றாவது பிடிக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

உள்ளூர்த் தண்ணீரைப் பங்கிட முடியாதவர்கள் வெளியூர்த் தண்ணீரை நினைப்பது இயல்பு. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ச. ஆறுமுகம் வகுத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டம் அவற்றுள் மிக அழகானது. வன்னியிலிருந்து கனகராயன் ஆறு கொண்டுவந்து ஆனையிறவுக் கடலேரியில் வீணே கலக்கும் மாரி வெள்ளத்தை அங்கேயே அணைகட்டி நன்னீராக்கி, முள்ளியானில் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் கடலேரிக்கும் உப்பாற்றுக்கும் அனுப்பி, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவு போட்டுக் கடலை வெளியே நிறுத்திவிட்டால், உவர் ஏரிகள் காலப்போக்கில் இனிக்கும். அவற்றின் இரு கரையிலும் உள்ள கிணறுகளும் இனிக்கும். நிலத்தின் மேல் ஓடும் ஆற்றைவிட நிலத்தின் கீழே ஊறும் ஆற்றை எண்ணிச் செய்த திட்டம் அது. அணைகளும் கதவுகளும் ஒரு பகுதி எழுந்தன. வாய்க்கால் முடியாமல் நின்றது. கவனிப்பாரின்றிப் பலகைக் கதவுகள் உக்கின. பின்னர் வந்த யுத்தம் ஆனையிறவையே போர்க்களமாக்கிற்று. இரணைமடுக் குளத்திலிருந்து குழாய்வழியே குடிநீர் கொண்டுவர ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு தொடங்கிய அடுத்த முயற்சி, எங்கள் வயலுக்கே போதாத தண்ணீரை எப்படித் தருவது என்று கிளிநொச்சி விவசாயிகள் கேட்டதில் தடைப்பட்டது. அவர்களுடைய கேள்வியிலும் பங்குக் கிணற்றின் நியாயம் இருந்தது. முடிவில் தாளையடிக் கடற்கரையில், நாளொன்றுக்கு 24,000 கன மீட்டர் நன்னீர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் எழுந்து 2024 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூரும் இதே பாதையில்தான் போயிற்று: அங்கே கரையோரக் கிணறுகளை இறைத்து இறைத்துக் கடலை உள்ளே அழைத்தார்கள், 1987இல் கிணற்று நீரைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றினார்கள், 2010இல் கடல்நீரை நன்னீராக்கும் ஆலையை அதே வட்டாரத்தில் திறந்தார்கள்.

தாளையடி நீர் குடிக்க உதவும்; வெங்காயத்துக்குப் பாய்ச்ச உதவாது. தோட்டம் கிணற்றைத்தான் நம்பி இருக்கும். ஆகவே இந்த அத்தியாயத்தைப் படிக்கும் குடாநாட்டு வாசகரிடம் ஒரு சிறு வேண்டுகோள். தைப்பொங்கலன்று உங்கள் கிணற்றில் நீர் நிற்கும் மட்டத்தைக் கட்டின் விளிம்பிலிருந்து நூல் விட்டு அளந்து, உட்சுவரில் ஆண்டோடு குறித்து வையுங்கள். புரட்டாதியில் முதல் மழைக்கு முன் இன்னொரு தடவை அளந்து, அதையும் குறியுங்கள். ஒரு வாய் குடித்துப் பார்த்து உவர்ப்பு உண்டா இல்லையா என்று பக்கத்தில் எழுதுங்கள். பங்குக் கிணறானால் பங்காளிகள் எல்லாரும் பார்க்கும்படி செய்யுங்கள். பத்து ஆண்டுக் குறிப்பு உள்ள கிணறு ஒரு ஊருக்கு ஒன்று இருந்தாலும், அடுத்த முறை தண்ணீரைப் பற்றிக் கூட்டம் கூடும்போது பேசுவதற்கு ஆதாரம் இருக்கும்.